வருந்தியது எதற்காக?

"அப்பொழுது வாங்காமல் இருந்திருக்கலாம்" என்ற சொல் ஒலிக்காத இல்லம் நம் சமுதாயத்தில் இன்று அரிது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் ஏரும் ஏரியுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல, கல்வியும் அலுவலும் கருதிச் சென்னைக்குப் பெயர்ந்தன. ஊரில் இருந்த நஞ்சையை விற்று நகரத்தில் நான்கு சுவர்களை வாங்கின. வாங்கிய காலம் சிலருக்கு வாய்த்தது, பலருக்கு வாய்க்கவில்லை. வாய்க்காதவர்களுள் நாங்களும் ஒரு குடும்பத்தார். விலை உச்சியில் இருந்தபோது வாங்கி, பின்னர்ப் பல்லாண்டுகள் அதை எண்ணி எண்ணி நொந்தோம். அந்நோவு எத்தகையது, அது நமக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறர் கதையைக் கொண்டு ஆராய்வது எளிது, அறமன்று. ஆதலின் எங்கள் கணக்கையே வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம்.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறிற்று. வேர்க்கடலையும் சவுக்கும் விளைந்த நிலங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2005 முதல் 2008 வரை அச்சாலையில் அடுக்ககங்களின் விலை மாதந்தோறும் ஏறியது. 2007ஆம் ஆண்டு தை மாதத்தில் சோழிங்கநல்லூரைத் தாண்டிய ஓரிடத்தில், அப்போது தூண்கள் மட்டுமே நின்ற ஒரு கட்டடத்தில், மூன்றாம் தளத்தில் 1,150 சதுர அடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். சதுர அடி 3,300 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 38 இலட்சம். ஊரில் எங்கள் பங்குக்கு வந்த இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்றதில் 14 இலட்சம் வந்தது. அதில் 12 இலட்சம் வீட்டுக்குப் போயிற்று. எஞ்சியதைப் பத்திரச் செலவும் மின்னிணைப்பும் விழுங்கின. மீதி 26 இலட்சம் வங்கிக் கடன், இருபது ஆண்டுத் தவணை, மாறும் வட்டி.

அந்த "மாறும்" என்ற ஒரு சொல்லை நாங்கள் அன்று உற்றுப் பார்க்கவில்லை. தொடக்கத்தில் வட்டி 9 விழுக்காடு. மாதத் தவணை 23,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2008 ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 9 விழுக்காடாக உயர்த்தியபோது, எங்கள் கடன் வட்டி 11.5 விழுக்காட்டைத் தொட்டது. அந்த வீதத்தில் 26 இலட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 24,917 ரூபாய். அஃதாவது, தவறாமல் தவணை கட்டியும் அசல் குறையவில்லை, வளர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. அங்கே ஒரு வங்கி விழ, இங்கே கண்ணாடிக் கட்டடங்களில் ஆள்சேர்ப்பு நின்றது. 2009இல் வீட்டின் சாவி எங்கள் கைக்கு வந்த மாதத்திலேயே, கட்டியவர்கள் விற்காமல் எஞ்சியிருந்த வீடுகளைச் சதுர அடி 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு எதிர்வீட்டார் அவ்விலைக்கு வந்தவர். அதே கதவு, அதே தரை, அதே லாரித் தண்ணீர். எங்களைவிட 9 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் குறைவு. அவர் புதுமனை புகுந்த நாளில் தட்டில் வைத்துத் தந்த இனிப்பை நாங்கள் எம்முகத்தோடு வாங்கினோம் என்பதை அவர்தாம் சொல்லவேண்டும்.

அவ்வீட்டில் பத்தாண்டுகள் வாழ்ந்தோம். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். மாலையில் கீழ்த்திசைச் சன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். ஆயினும் அக்காற்றை விலை நினைவின்றி நுகர்ந்த மாலை ஒன்றேனும் உண்டா என்றால், இல்லை. எதிர்வீட்டார் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே 9 இலட்சத்து 20 ஆயிரம் என்ற எண் நெஞ்சில் எழும். கணவன் மனைவிக்கிடையே சிறு பூசல் எழுந்தாலும் அது உப்பில் தொடங்கி வீட்டு விலையில் முடியும். முன்பணம் கொடுக்கச் சொன்னது யார், ஊர் நிலத்தை விற்கவேண்டாம் என்று சொன்னது யார் என்ற வழக்கு எங்கள் வீட்டில் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இவ்வருத்தத்துக்கு நம் ஆகமங்கள் ஒரு பெயர் வைத்திருக்கின்றன. இழந்த இனிய பொருளை நினைந்து நினைந்து உழலும் மனநிலை இஷ்ட வியோக ஆர்த்தத் தியானம் எனப்படும். வேண்டாத பொருள் வந்து சேர்ந்தமைக்கு உழல்வது அநிஷ்ட சம்யோக ஆர்த்தத் தியானம். எங்களுக்கோ இரண்டும் ஒரே பொருளில் வாய்த்திருந்தன: போன பணம் இனியது, வந்த வீடு வேண்டாதது! ஆர்த்தம் விலங்குகதிக்கு வித்து என்பதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். படித்ததை நெஞ்சு ஏற்காது. "தவறு செய்தோம், வருந்துகிறோம், தவற்றுக்கு வருந்துவது நல்லதுதானே? பிரதிக்கிரமணம் என்பது அதுதானே?" என்று அது எதிர்வாதம் செய்யும்.

அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரதிக்கிரமணமும் சென்றதை நினைந்து நைவதுதான். ஆர்த்தமும் சென்றதை நினைந்து நைவதுதான். கண்ணீர் இரண்டிலும் ஒன்றே. ஒன்று வினையை உதிர்ப்பது, மற்றொன்று வினையைக் கட்டுவது என்றால், நைந்துகொண்டிருப்பவன் தன்னுடையது எதுவென்று எவ்வாறு அறிவான்?

எங்களுக்கு இதற்கு விடை நூலிலிருந்து வரவில்லை; சந்தையிலிருந்து வந்தது. 2010க்குப் பின் விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. 2012இல் எங்கள் கட்டடத்திலேயே ஒரு வீடு சதுர அடி 4,300 ரூபாய்க்குக் கைமாறிற்று. அச்செய்தி கேட்ட அன்றே ஐந்தாண்டு வருத்தம் பனிபோல் மறைந்தது! அதன் சுவடுகூட இல்லை. தவறு செய்தோம் என்று நொந்த நாங்களே, "அன்றே தொலைநோக்குடன் வாங்கினோம்" என்று திருமண வீடுகளில் பேசலானோம். செய்த செயல் அதே செயல். அதன் பின்னிருந்த ஆசையும் அதே ஆசை. மாறியது விலை ஒன்றே. விலை ஏறியதும் அழிந்துபோன வருத்தம், செய்த செயலைக் குறித்த வருத்தமாக எவ்வாறு இருந்திருக்க முடியும்? களவு செய்து அகப்பட்டவன் அகப்பட்டதற்காக அழுவதைப் போன்றது அது. அதற்குப் பிரதிக்கிரமணம் என்று பெயர் சூட்டியது நாங்கள் எங்களுக்கே செய்துகொண்ட வஞ்சனை.

அப்படியானால் உண்மையில் வருந்தத்தக்க குற்றம் ஏதேனும் இருந்ததா? விலை விழும் என்பதை முன்னறிய எவராலும் இயலாது. அறிய இயலாததற்குப் பொறுப்பும் இல்லை என்று சில நண்பர்கள் எங்களைத் தேற்றுவதுண்டு. அன்பினால் சொல்வது, ஆனால் உண்மையன்று. 2007இல் அப்பகுதியில் அதையொத்த வீட்டுக்கு மாத வாடகை 10,000 ரூபாய். ஆண்டுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். 38 இலட்சம் முதலுக்கு அது 3 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். கடனுக்கோ 9 விழுக்காடு வட்டி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. எங்கள் பெரியப்பா ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், இதை ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதியே காட்டினார். உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். மறுநாள் முன்பணம் கொடுத்தோம். ஆகவே எங்களிடம் இருந்தது அறியாமையன்று, அறிய விரும்பாமை.

ஏன் விரும்பவில்லை? சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அருங்கலச்செப்பு அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது என்பது நம்மவர் அறிந்ததே. அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், லோபம், அதிபாரவாகனம் என்பவை அவ்வைந்து. இவற்றுள் இரண்டை நோக்குங்கள். பின்னர் விலை ஏறும், பெரும்பயன் தரும் என்னும் எண்ணத்தால் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்ப்பது அதிசங்கிரகம். விஸ்மயம் என்பதற்கு உரை காட்டும் பொருள் இன்னும் நுட்பமானது: தான் வாங்கி வைக்காத ஒரு பொருளால், அல்லது தான் முன்னரே விற்றுவிட்ட ஒரு பொருளால், பிறர் பெரும்பொருள் ஈட்டியதைக் கண்டு திகைத்து வருந்துவது. வேளாண் பொருளும் தானியமும் நினைத்துச் சொல்லப்பட்ட இலக்கணம், பழைய மகாபலிபுரம் சாலைக்கு எவ்வளவு பொருந்துகிறது! எங்களுடன் பணியாற்றிய ஒருவர் 2005இல் 18 இலட்சத்துக்கு வாங்கிய வீடு 2006இல் 30 இலட்சம் ஆயிற்று என்று ஒரு மதிய உணவு வேளையில் சொன்னார். அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. அந்த ஓரிரவின் விஸ்மயமே எங்களைத் தூண்கள் மட்டும் நின்ற அந்தக் கட்டடத்துக்கு இழுத்துச் சென்றது. தலைக்குமேல் கூரை வேண்டும் என்பது உண்மையான தேவைதான். அத்தேவைக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடே போதுமானதாக இருந்தது.

விஸ்மயம் தனியொருவனோடு நிற்பதும் இல்லை. ஒருவன் வியந்து வாங்க, அவன் கொடுத்த விலையைக் கண்டு அடுத்தவன் வியக்கிறான். விலையேற்றம் என்பது இவ்வியப்பின் சங்கிலியேயன்றி வேறன்று. ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் ஒரு தேசமே இச்சங்கிலியில் கோக்கப்பட்டது. 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளைத் தொட்ட அந்நாட்டுப் பங்குக் குறியீடான நிக்கேய், அவ்வளவை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். முப்பத்துநான்கு ஆண்டுகள்! நிலமும் அவ்வாறே 1990களின் தொடக்கத்தில் சரிந்து நெடுங்காலம் எழவில்லை. அங்கே ஊருக்கு வெளியே உச்ச விலைக்கு வீடு வாங்கி, ஓய்வுபெறும் வரை கடன் கட்டிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்களும் மதிய உணவு வேளையில் எதையோ கேட்டவர்களாகத்தான் இருப்பர்.

இனி, எழுதக் கூசும் பகுதிக்கு வருகிறோம்.

2012இல் வருத்தம் மறைந்து பெருமை பிறந்தது என்றோம் அல்லவா? அப்பெருமை வாளாவிருக்கவில்லை. எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அப்போது சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் பணியாற்றி வந்தார். அடக்கமானவர், கையில் பணம் இருக்கும் அளவுக்கே செலவு செய்பவர். மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில் சந்தித்தபோது, "நீயும் எங்கள் பக்கம் ஒரு வீடு வாங்கிவிடு, இப்பொழுது விட்டால் பிறகு கிடைக்காது" என்று சொன்னோம். ஒருமுறையன்று, அவ்வாண்டு முழுவதும் சொன்னோம். எங்கள் கட்டடத்து விலையைச் சான்று காட்டினோம். அவர் தயங்கியபோது, "எங்களைப் பார்" என்றோம். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் வாங்கவேண்டும் என்று நாங்கள் விரும்பியது அவர் நன்மைக்காக மட்டும் அன்று. இன்னொருவர் எங்களைக் காட்டிலும் மிகுந்த விலைக்கு அதே இடத்தில் வாங்கினால், நாங்கள் வாங்கியது அறிவுடைமை என்று உறுதியாகும் அல்லவா? அந்த உறுதி எங்களுக்குத் தேவைப்பட்டது.

2013இல் அவர் 1,000 சதுர அடி வீட்டை 47 இலட்சத்துக்கு வாங்கினார். தரைத்தளம். 2015 டிசம்பர் பெருமழையில் அவ்வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. முதிய தாயாரைப் படகில் ஏற்றி வெளியே கொணர்ந்தார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மழைநீர் செல்லும் வழிகளில் கட்டடங்கள் எழுந்துவிட்டால் நீர் எங்கே போகும்? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, அதே வீட்டுக்கு லாரித் தண்ணீருக்காக இரவெல்லாம் விழித்திருந்தார். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அவர் ஊதியம் பாதியாயிற்று. ஆண்டிறுதியில் வீட்டை 40 இலட்சத்துக்கு விற்றார். வங்கிப் பாக்கியும் தரகும் போக, தொடக்கத்தில் அவர் கைப்பணமாகப் போட்டது ஏறத்தாழத் திரும்பிற்று. ஏழரை ஆண்டுத் தவணையை வாடகை கொடுத்ததாக எண்ணிக்கொள்ளலாம். ஆயின் அத்தகைய வீட்டுக்கு அவ்வளவு வாடகை எவரும் கொடார். மகளை அவள் விரும்பிய கல்லூரியில் சேர்க்கவில்லை என்பது பின்னர் எங்கள் செவிக்கு வந்தது.

வினை வரும் வாயில்களைச் சொல்லும்போது தத்துவார்த்த சூத்திரம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் ஒரு நிரையில் வைக்கிறது. எங்கள் வீட்டை நாங்கள் வாங்கியது செய்தல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அழுதோம். தம்பியை வாங்கச் செய்தது செய்வித்தல். அதற்கு ஒரு நாளும் அழவில்லை. "பாவம், அவனுக்கு நேரம் சரியில்லை" என்று அனுதாபம் கூறினோம்! ஊர் நிலத்தைப் பற்றியும் அவ்வாறே. அந்த இரண்டு ஏக்கர் இன்று என்ன விலை போகும் என்று நூறுமுறை கணக்கிட்டிருக்கிறோம். அதை எங்கள் தந்தையார் காலம் முதல் வாரத்துக்குப் பயிரிட்டு வந்தவர், நிலம் கைமாறிய பின் என்ன ஆனார் என்று ஒருமுறையும் வினவவில்லை. செங்கல் சூளைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

இவ்வளவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவந்தது சென்ற ஆவணியில். பிள்ளைகள் வெளியூர்களில் நிலைபெற்றுவிட்டனர். 2019 முதல் நாங்கள் வந்தவாசியில் இருக்கிறோம். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். விற்றுவிடலாம் எனத் தீர்மானித்தபோது, பழைய கணக்கு மீண்டும் தலைதூக்கியது. வருமான வரிக்கெனக் குறிக்கப்படும் விலையேற்றக் குறியீடு 2006-07இல் 122, 2024-25இல் 363. அவ்வளவின்படி எங்கள் 38 இலட்சம் 2024-25இல் 1 கோடியே 13 இலட்சத்துக்குச் சமம். தரகர் சொன்ன விலையோ 66 இலட்சம். கொடுத்த வட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாடகை மிச்சத்தையும் வந்த வாடகையையும் சேர்க்கவில்லை. வருத்தப்படுவதற்காகப் போடும் கணக்கில் வரவுப் பக்கம் எப்போதும் வெறுமையாகவே இருக்கும்.

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதியர். இருவரும் ஆசிரியப் பணியினர், ஒரு கைக்குழந்தை. தரகர் எங்களைத் தனியே அழைத்து மூன்று செய்திகளைக் கூறினார். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறோம் என்பதை அவர்களாகக் கேட்டாலொழியச் சொல்லவேண்டாம். பிரிபடாத நிலப்பங்கு 480 சதுர அடி மட்டுமே என்பது பத்திரத்தில் இருக்கிறது, வாயால் சொல்லவேண்டியதில்லை. "வேறு இரண்டு பேரும் பார்த்துவிட்டுப் போனார்கள்" என்று மட்டும் இடையில் ஒருமுறை சொன்னால் போதும்.

விலையை மிகுத்துக் கேட்பது மட்டுமே பொய்யாகாது என்பதே எங்கள் கருத்து. வாங்குபவன் மறுக்கலாம். குறை கூறாது மறைப்பது பொய்யின் பாற்படும் என்பதிலும் ஐயமில்லை. எங்களைத் தடுமாற வைத்தது அந்த மூன்றாம் செய்திதான். 2007இல் எங்களுக்கும் அதே சொல் சொல்லப்பட்டது: வேறு இருவர் பார்த்துவிட்டுப் போனார்கள். 2012இல் நாங்கள் தம்பியிடம் சொன்னதும் வேறன்று: இப்பொழுது விட்டால் பிறகு கிடைக்காது. எங்களை ஏமாற்றிய சொல்லென்று பதினேழு ஆண்டுகள் கட்டுமான நிறுவனத்தாரைத் தூற்றினோமே, அச்சொல்லை அவர்கள் சொன்னது ஒருமுறை. நாங்கள் சொன்னது ஓராண்டு. நாளை பேசலாம் என்று அத்தம்பதியரை அனுப்பிவிட்டு, அன்று மாலையே குரோம்பேட்டையில் வாடகை வீட்டிலிருந்த தம்பியைக் காணச் சென்றோம்.

குற்றத்தை ஆசாரியர்முன் எடுத்துரைப்பது ஆலோசனை. யாருக்குக் குற்றம் இழைத்தோமோ அவர்முன் எடுத்துரைப்பது அதனினும் கடினமாக இருந்தது. காபி வந்தது, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், மழை வருமா என்று பேசினோம். ஒருவாறு, "நாங்கள் வற்புறுத்தியதால்தான் நீ அந்த வீட்டை வாங்கினாய். உன் நன்மைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் பெருமைக்காகச் சொன்னோம்" என்று சொல்லி முடித்தோம்.

தம்பி தலைகுனிந்தவாறே, "அப்படியெல்லாம் இல்லை அண்ணா. நீங்கள் சொல்லாவிட்டாலும் வாங்கித்தான் இருப்பேன்" என்றார்.

அடுக்களை வாயிலில் நின்றிருந்த அவர் மனைவி, "இல்லை மாமா, வாங்கியிருக்க மாட்டோம்" என்றார். குரலில் சினம் இல்லை. காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

அப்பெண்மணி சொன்ன அவ்வொரு சொல்லுக்கு எங்களிடம் விடையில்லை. அவர் மகளின் மேற்படிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறோம். கலந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்றாலும் அது ஈடாகிவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. வாரத்துக்குப் பயிரிட்டவரின் மகன் செய்யாற்றில் இருப்பதாக அறிந்து, ஆள்வழி விசாரித்து வருகிறோம்.

மறுநாள் அந்த ஆசிரியத் தம்பதியரிடம் கோடையில் மாதம் ஆறேழு லாரித் தண்ணீர் வாங்கவேண்டும் என்பதையும், நிலப்பங்கின் அளவையும், கீழ்த்தளத்தில் 2015இல் நீர் நின்ற உயரத்தையும் கூறினோம். வேறு எவரும் பார்க்க வரவில்லை என்றும் கூறினோம். பெரியப்பா எழுதிக் காட்டிய வாடகைக் கணக்கை இன்றைய எண்களோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அந்த இளைஞர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. தரகர் எங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.